இன்றைக்கு இப்படி, நாளைக்கு அப்படியா? பாலின நெகிழ்வு பற்றி நம்ம ஊரில் கேட்கப்படும் கேள்விகள்

வீரவநல்லூர்ப் பக்கம் பிறந்து பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் மகளாக வளர்ந்தேன். என் பாலினம் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதும், அப்படி இருக்கிறவர்கள் உலகத்தில் வேறு பலரும் உண்டு என்பதும் இருபது வயது தாண்டித்தான் தெரிந்தது. சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள், அப்புறம் ராத்திரி நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து மெசேஜ் போடுகிற காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் கேட்டதைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை.

பாலின அடையாளம் என்றால் என்ன? பிறந்ததுமே ஆணா பெண்ணா என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுகிறார்களே?

ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்வது உடம்பை. அந்தப் பிள்ளை வளர்ந்து தன்னை யாராக உணர்கிறது என்பதுதான் பாலின அடையாளம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒத்துப்போய்விடும், அதனால் இவை இரண்டு தனி விஷயங்கள் என்றே அவர்களுக்குத் தோன்றாது. ஒத்துப்போகாதவர்களுக்குத்தான் தெரியும்.

இதோடு ஊர் போடுகிற சட்டதிட்டம் ஒன்று இருக்கிறது. பொம்பளப் பிள்ளை வாசல்படியில் உட்காரக் கூடாது, ஆம்பள அழக் கூடாது என்கிற வகை. அது பிடிக்காமல் போவதற்கும் பாலின அடையாளத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. புல்லட் ஓட்டுகிற, தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொண்ட பெண்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், தாங்கள் பெண் என்பதில் அவர்களுக்குத் துளிச் சந்தேகம் கிடையாது.

ஜென்டர் ஃப்ளூயிட் என்கிறார்களே, அது என்ன?

தான் யார் என்கிற அந்த உணர்வு காலப்போக்கில் நகர்வது. ஒரு காலம் ஆணாக, ஒரு காலம் பெண்ணாக, சில சமயம் இரண்டுமாக, சில சமயம் எதுவுமாக இல்லாமல். எல்லாருக்கும் எல்லா நிலையும் வராது. ஆணுக்கும் 'எதுவும் இல்லை' என்பதற்கும் நடுவில் மட்டும் போய்வருகிறவர்கள் உண்டு. தமிழில் பாலின நெகிழ்வு என்று எழுதுகிறோம், பேச்சில் ஃப்ளூயிட் என்றே சொல்லிவிடுகிறோம்.

பிறப்பில் ஆண் உடம்போ பெண் உடம்போ, யாருக்கும் இது இருக்கலாம்.

அப்படியானால் திருநங்கை என்று சொல்வதும் இதுவும் ஒன்றா?

இல்லை, ஆனால் பக்கத்து வீடு. திருநங்கை பிறப்பில் ஆண் என்று சொல்லப்பட்டவர், தன்னைப் பெண்ணாக உணர்கிறவர். திருநம்பி அதற்கு எதிர்ப்பக்கம். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த உணர்வு உறுதியாக ஒரே இடத்தில் நிற்கிறது. எனக்கு நிற்பதில்லை, அவ்வளவுதான். திருநர் என்ற பொதுச்சொல்லுக்குள் எங்களையும் சேர்த்துச் சொல்வதுண்டு, சிலர் சேர விரும்புவதில்லை.

ஊடுபால் என்பது முற்றிலும் வேறு. அது உடம்பைப் பற்றியது: பிறப்பிலேயே குரோமோசோமோ உறுப்போ ஹார்மோனோ ஆண், பெண் என்ற வழக்கமான அமைப்பில் வராதவர்கள். அப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு உயிராபத்து இருந்தாலொழிய 'சரிசெய்யும்' ஆபரேஷன் செய்யக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2019-ல் தடை போட்டது. அதற்குக் காரணமான வழக்கு நம்ம பக்கத்து வழக்கு, கல்யாணக் கேள்விக்கு வரும்போது சொல்கிறேன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும்? நீங்களாக மாற்றிக்கொள்வதா?

அட்டவணை எதுவும் கிடையாது. சிலருக்கு ஒரே நாளில் நகரும், சிலருக்கு மாதக்கணக்கில் ஒரே நிலை, சிலருக்கு வருடங்கள். எனக்கு வாரக்கணக்கில் நீளும். நான் தேர்ந்தெடுப்பது உடையை மட்டும்தான். உள்ளே இருப்பது என்னைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாறுவது பாலின உணர்வு மட்டும். குணம் மாறுவதில்லை, ஞாபகம் மாறுவதில்லை, வாங்கின கடனும் மாறுவதில்லை. 'உனக்குள்ள ரெண்டு ஆள் இருக்காவளா?' என்று என் அத்தை ஒருத்தர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார். ஒரே ஆள்தான், அத்தை.

யார் மேல் ஆசை வரும்?

அது தனிக் கணக்கு. தான் யார் என்பது ஒன்று, யாரைப் பிடிக்கிறது என்பது வேறொன்று. ஃப்ளூயிட் ஆட்களில் ஆண்களைப் பிடிக்கிறவர்கள், பெண்களைப் பிடிக்கிறவர்கள், இரண்டு பேரையும், யாரையுமே பிடிக்காதவர்கள் என எல்லாரும் உண்டு. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கண்டுபிடிக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்க மாட்டீர்கள் என்றால் எங்களிடமும் கேட்க வேண்டாம்.

குலசை தசராவுக்குப் பெண் வேடம் போடுகிறார்களே, அவர்களெல்லாம் இப்படியா?

இந்தக் கேள்வி வேறு ஜில்லாவில் வராது, நம்மூரில் கட்டாயம் வரும்.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு விரதம் இருந்து, காளி, ராஜா, போலீஸ், குறவன் குறத்தி, குரங்கு, கரடி என்று வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை பிரித்து, பத்தாம் நாள் சூரசம்ஹாரத்துக்குக் கொண்டுபோய்ச் செலுத்துகிறார்கள். அதில் சேலை கட்டி, சவுரி வைத்து, வளையல் போட்டு வருகிற ஆண்கள் ஏராளம். மீசையை எடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அது வேண்டுதல். கடற்கரையில் சம்ஹாரம் முடிந்து காப்பு அவிழ்த்ததும் அவர்கள் பழையபடி கொத்தனார், டிரைவர், பாத்திரக்கடைக்காரர். கரடி வேடம் போட்டவர் கரடி இல்லை என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

கணியான் கூத்தும் அப்படித்தான். சுடலைமாடன் கொடையில் அண்ணாவி என்கிற தலைமைப் பாடகர் பாட, மகுடம் என்கிற தோல்கருவியை அடிக்க, பெண் வேடமிட்ட ஆண்கள் விடிய விடிய ஆடுவார்கள். அது அவர்கள் தொழில், பரம்பரைக் கலை.

ஆனாலும் பாதி உண்மை ஒன்று இதில் இருக்கிறது. தங்களைப் பெண்ணாக உணர்கிற, வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத சிலருக்கு வருடத்தில் யாரும் கல்லெறியாமல் சேலை கட்ட முடிகிற நாட்கள் தசராவில் மட்டும்தான் கிடைக்கின்றன. அம்மனுக்கு நேர்ந்தது என்று சொல்லிவிட்டால் அப்பாவும் வாயைத் திறக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி வேடம் கலைத்த அன்று ராத்திரி அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வேடத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள், ரெண்டு பக்கமும்.

இது இன்ஸ்டாகிராம் வந்த பிறகு வந்த ஃபேஷன்தானே? நம்ம காலத்தில் இதெல்லாம் ஏது?

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, 'ஆண்மை திரிந்த' ஆட்களைப் பற்றிப் பேசும்போது வினையை எப்படி முடிப்பது என்று நூற்பா இருக்கிறது. உயர்திணைக்குள் வைத்துத்தான் சொல்லியிருக்கிறது. இலக்கணம் எழுதுகிறவர் இல்லாத ஆளுக்கு விதி எழுத மாட்டார். பாதி உடம்பு ஆணும் பாதி பெண்ணுமான அர்த்தநாரியைக் கும்பிடாத ஊர் நம்மிடம் இல்லை, சங்கரன்கோவிலில் ஒரே மேனியில் சிவனும் திருமாலும் நிற்பதைக் காண ஆடித்தபசுக்கு லட்சம் பேர் போகிறார்கள்.

ஆனால் இந்தச் சாமி வாதத்தை நான் ரொம்பத் தூரம் இழுக்க மாட்டேன். அர்த்தநாரி படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிற வீட்டுக்காரர்தான் என்னைப் பார்த்ததும் 'மாடி போர்ஷனை ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு' என்றார். சாமிக்குக் கிடைக்கிற சலுகை வாடகைக்கு வீடு தேடுகிறவருக்குக் கிடைப்பதில்லை.

பெயர் புதிது என்பது வாஸ்தவம். பெயர் கிடைத்ததால் பேசுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பதும் வாஸ்தவம். இதற்கு முன்னால் 'அவன் ஒரு மாதிரி', 'அவ ஆம்பள மாதிரி' என்று ஊரே சொல்லிவைத்திருந்த ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள், யோசித்துப் பாருங்கள், உங்களுக்கே இரண்டு முகமாவது ஞாபகம் வரும்.

இது மனநோயா? டாக்டரிடமோ கோடாங்கியிடமோ கூட்டிப்போனால் சரியாகுமா?

நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் (2019-ல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 முதல் நடைமுறையில் இருப்பது) பாலின முரண்பாட்டை, அதாவது பிறப்பில் சொன்ன பாலினமும் உள்ளுணர்வும் ஒத்துப்போகாத நிலையை, மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டுமே என்பதற்காகப் பாலியல் ஆரோக்கியம் என்ற வேறு பகுதியில் வைத்திருக்கிறார்கள்.

மாற்றிவிடுகிறேன் என்று மாத்திரை கொடுப்பது, ஷாக் வைப்பது, பூட்டி வைப்பது இதெல்லாம் சிகிச்சை ஆகாது. சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் மாதம், ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து கிளம்பிப்போன இரண்டு பெண்கள் தொடர்ந்த வழக்கில், இப்படி மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதைப் பற்றித் தெரியாது என்று சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் தீர்ப்பு எழுதினார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும், இப்படி ஆளை மாற்றுகிற 'சிகிச்சை' செய்கிற டாக்டர் தொழில்நெறி தவறியவர் ஆவார் என்று அறிவித்தது.

கோடாங்கி, குறி, தாயத்து பற்றி என்ன சொல்ல. பெரும்பாலும் பணத்தோடு போய்விடும். ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று அடிக்கிற இடங்களும் இருக்கின்றன, அங்கே கூட்டிப்போவது குற்றம் என்று வீட்டில் ஒருவராவது துணிந்து சொல்ல வேண்டும்.

மனநல டாக்டரிடம் போகவே கூடாதா என்றால், போகலாம், பல பேருக்குப் போகத்தான் வேண்டும். ஒளித்து ஒளித்து வாழ்வதில் தூக்கம் கெடும், மனச்சோர்வு வரும், உடம்பைக் கண்ணாடியில் பார்க்கவே பிடிக்காத வேதனை வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. போகும்போது முதலிலேயே கேட்டுவிடுங்கள்: 'இதை மாத்தணும்னு நினைக்கீங்களா, இதோட நல்லா இருக்க உதவுவீங்களா?' பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

நான் அப்படித்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. இணையத்தில் பத்துக் கேள்வி கேட்டுப் பதில் சொல்கிற வினாடிவினாக்களை நம்ப வேண்டாம்.

சில மாதங்கள் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்வேன், யார் கைக்கும் கிடைக்காத நோட்டு. எந்தப் பெயரில் கூப்பிட்டபோது நன்றாக இருந்தது, எந்த உடையில் மூச்சுவிட முடிந்தது, எது முள்ளாகக் குத்தியது. மனம் சரியில்லாத நாளோடு மட்டும் இது வருகிறதா, நன்றாக இருக்கிற நாளிலும் வருகிறதா. நம்புகிற ஒரே ஒருவரிடம் வேறு பெயரில் கூப்பிடச் சொல்லிப் பாருங்கள்.

அவசரப்படாதீர்கள் என்பதுதான் என்னுடைய ஒரே அழுத்தமான அபிப்பிராயம். 'ஏதாவது ஒரு முடிவுக்கு வா' என்று எல்லாரும் நெருக்குவார்கள். வீடு நெருக்கும், கல்யாணம் பேசுகிறவர்கள் நெருக்குவார்கள், சில சமயம் நம்ம ஆட்களே 'நீ திருநம்பிதான், ஒத்துக்கிட பயப்படுத' என்று நெருக்குவார்கள். நகர்ந்துகொண்டே இருப்பது முடிவெடுக்கத் தெரியாததால் வருவதில்லை. சிலருக்குப் பின்னாளில் ஒரே இடத்தில் நின்றுவிடும், சிலருக்குக் கடைசிவரை நகரும். நின்றுவிட்டால் முன்னால் சொன்னது பொய்யாகிவிடாது.

உங்களை எப்படிக் கூப்பிடுவது? 'ஏல'வா 'ஏட்டி'யா?

இதுதான் நெல்லையில் பெரிய தலைவலி. வேறு ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. நம்மூரில் ஒரு வாக்கியத்தை ஆணிடம் 'ல' போட்டு முடிப்போம், பெண்ணிடம் 'ட்டி' போட்டு முடிப்போம். 'என்னல செய்த', 'எங்கட்டி போற'. பாசமாகப் பேசினாலும் சண்டை போட்டாலும் கேட்பவரின் பாலினம் வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டே வரும். ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் நின்றால் இருபது தடவையாவது உன்னை யார் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆனால் வழியும் நம்ம பேச்சிலேயே இருக்கிறது. 'நான் வந்தேன்', 'நீ வந்த' என்பதில் ஆண் பெண் இல்லை. மூன்றாம் ஆளைச் சொல்லும்போதுதான் சிக்கல், அதற்கும் 'அவிய வந்தாவ', 'அவிய சொன்னாவ' என்று மரியாதையாகச் சொன்னால் முடிந்தது. எழுத்தில் அவர். என் அலுவலகத்தில் இப்போது அவியதான். ஆரம்பத்தில் கிண்டலாகச் சொன்னார்கள், கிண்டல் தேய்ந்துபோய் பழக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது. கூப்பிட மக்கா இருக்கிறது, தங்கம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே பெயர் இருக்கிறது.

உறவுமுறைதான் நிஜமாகவே சிரமம். அக்காவா அண்ணனா, சித்தியா சித்தப்பாவா? நடு வார்த்தை இல்லை. என் அண்ணன் மகன் சின்னதிலிருந்து என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். ஆச்சி அடிக்கடி அவனைத் திட்டுவார், பெரியவங்களைப் பேர் சொல்லக் கூடாதென்று. அவன் கேட்கவில்லை, நானும் தடுக்கவில்லை. தெரியாவிட்டால் 'எப்படிக் கூப்பிடணும்?' என்று ஒரு தடவை தனியாகக் கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். தவறிப்போய் மாற்றிச் சொன்னால் சட்டென்று திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள், பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால் ஆறுதல் சொல்கிற வேலையும் எங்கள் தலையில் விழும்.

வீட்டில் சொல்லித்தான் ஆகணுமா?

ஆகணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலில் மூன்று விஷயம் பாருங்கள்: உங்கள் கையில் வருமானம் இருக்கிறதா, வெளியே போகச் சொன்னால் அன்று ராத்திரி படுக்க இடம் இருக்கிறதா, சர்டிபிகேட்டுகள் யார் பீரோவில் இருக்கின்றன. இந்த மூன்றும் சரியில்லை என்றால், படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், அதுவரை வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் ஹாஸ்டல் ஃபீஸைக் கட்டுவாரா என்று கேளுங்கள்.

சொல்வது என்று முடிவெடுத்தால் கல்யாண வீட்டிலோ கோயில் கொடையிலோ சொந்தபந்தம் கூடியிருக்கும்போது வேண்டாம். வீட்டில் யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்களோ அவரிடம் முதலில். பல வீடுகளில் அது அப்பாவாக இருக்காது, ஒரு மதினியாகவோ தாய்மாமாவாகவோ இருக்கும். 'ஃப்ளூயிட்' என்று ஆரம்பிக்க வேண்டாம், அந்த வார்த்தை போய்ச் சேராது. 'சில நேரம் பொண்ணா இருக்க முடியுது, சில நேரம் முடியல, சின்ன வயசிலிருந்தே இப்படித்தான்' என்பது போய்ச் சேரும்.

எங்கள் அம்மா கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், 'சட்டை போடு, வேட்டி கட்டு, என்னமும் பண்ணு, ராத்திரி வண்டியில தனியா வராத' என்றார். இன்றுவரை அவருக்கு இது முழுதாகப் புரிந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். புரியாமலேயே சோறு போடுகிறார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது, அடி விழுகிற வீடுகளும் இருக்கின்றன, அதனால்தான் முதலில் அந்த மூன்றைப் பாருங்கள் என்றேன்.

கல்யாணம்?

சட்டத்தைச் சொல்கிறேன். தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள், பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம், பதிவு செய்யுங்கள் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். ஊடுபால் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்வதை நிறுத்தச் சொன்னதும் இதே தீர்ப்புத்தான். 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை, ஆனால் ஆண் பெண் உறவில் இருக்கிற திருநர் இப்போதுள்ள சட்டங்களின்படியே மணம் முடிக்கலாம் என்று சொன்னது.

ஃப்ளூயிட் ஆட்களுக்கு என்று தனியாக எதுவும் இல்லை. உங்கள் ஆவணத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் பதிவாளர் பார்ப்பார்.

சட்டத்துக்கு வெளியே ஒன்று: 'கல்யாணம் பண்ணி வச்சா சரியாப் போகும்' என்று மறைத்துக் கட்டி வைக்காதீர்கள். அங்கே இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து போகிறது. எல்லாம் தெரிந்து சம்மதித்து வாழ்கிற தம்பதிகள் இருக்கிறார்கள், அது வேறு கதை.

உடைக்கு என்ன செய்கிறீர்கள்?

காட்டன் சட்டை, நீளக் குர்தா, தளர்வான பேண்ட். இதில் பாதி எந்தப் பக்கமும் போகும். பழகிய ஒரு டெய்லர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது, ட்ரையல் ரூம் வாசலில் நிற்கிற ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. உடை மாற்ற முடியாத நாட்களில் சின்னது ஏதாவது, ஒரு வாட்ச், ஒரு மோதிரம், நெற்றியில் பொட்டு வைப்பதும் வைக்காததும்.

மார்பை இறுக்கிக் கட்டுவது பற்றி மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். சுளுக்குக்குச் சுற்றுகிற எலாஸ்டிக் பேண்டேஜால் கட்டாதீர்கள், மூச்சுவிட விட இறுகிக்கொண்டே போகும், விலா எலும்பைப் பதம் பார்க்கும். டேப்பும் வேண்டாம். இதற்கென்றே தைத்த பைண்டர் கிடைக்கிறது, அதையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. நம்ம ஊர் மே மாத வெயிலில் எட்டு மணி நேரமே அதிகம். அழுத்தமான ஸ்போர்ட்ஸ் ப்ரா போதும் என்றால் அதுவே நல்லது. வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கழற்றுங்கள்.

ஹார்மோன், ஆபரேஷன் எல்லாம் செய்யணுமா?

ஃப்ளூயிட் ஆட்களில் பலர் எதுவுமே செய்துகொள்வதில்லை. சிலர் செய்துகொள்கிறார்கள். செய்தால்தான் உண்மையான ஆள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஹார்மோன் யோசிக்கிறவர்கள் எது திரும்பி வரும், எது வராது என்று பிரித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் போட்டால் சில மாதங்களில் குரல் தடிக்கும், நிறுத்தினாலும் பழைய குரல் வராது. ஈஸ்ட்ரோஜனால் வளர்கிற மார்பு தானாகக் குறையாது. குழந்தை பெறுவது பாதிக்கப்படலாம், அதனால் ஆரம்பிக்கும் முன்பே அதைப் பற்றிப் பேச வேண்டும். இன்றைக்கு ஒன்று பிடித்து ஆறு மாதத்தில் வேறொன்று பிடிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு திருநங்கை, திருநம்பிகளைவிட இன்னும் முக்கியம்.

ஹார்மோனுக்குப் பதிலாக மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பத்தடை மாத்திரை வாங்கி நாலைந்தாக விழுங்குவது நம்ம பக்கம் நடக்கிறது. ரத்தம் உறைந்து காலிலோ நுரையீரலிலோ அடைத்துக்கொள்ளும், சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஹார்மோன் டாக்டரிடம் போங்கள், ரத்தப் பரிசோதனையோடு போங்கள்.

ஜமாத்தில் சேர வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜமாத் என்பது திருநங்கைகளுக்குள் குரு, சேலா (சீடர்) என்று தலைமுறையாக வருகிற குடும்ப அமைப்பு. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்குச் சோறும் கூரையும் கொடுத்தது அதுதான், அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் அதற்கென்று கட்டுப்பாடுகள் உண்டு, ஒரே நிலையில் நிற்காத ஆளுக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். நட்பாக இருங்கள், ரேஷன் கடை முதல் போலீஸ் ஸ்டேஷன் வரை எங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

ஆதார், சான்றிதழ் இதிலெல்லாம் என்ன போடுவது?

2014 ஏப்ரல் 15-ல் உச்சநீதிமன்றம், தான் ஆணா பெண்ணா மூன்றாம் பாலினமா என்று சொல்கிற உரிமை அவரவருக்கே என்று தீர்ப்பளித்தது. அதற்குச் சரியாக ஆறு வருடம் முன்பு, 2008 ஏப்ரல் 15-ல் தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் வந்துவிட்டது, அதனால் இங்கே அந்த நாளைத்தான் திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறோம். 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையில் திருநங்கை, திருநம்பி, ஊடுபால் ஆகியோரோடு ஜென்டர்க்வியர் (ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்காதவர்) என்ற சொல்லும் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் அதற்குள்தான் வந்தோம். 2020-ஆம் ஆண்டு விதிகள், மருத்துவப் பரிசோதனை இல்லாமல், உறுதிமொழிப் பத்திரத்தோடு கலெக்டருக்கு விண்ணப்பித்தால் திருநர் சான்றிதழ் தரவேண்டும் என்றன. ஆணாகவோ பெண்ணாகவோ மாற்றிக் கேட்டால்தான் சிகிச்சைச் சான்று கேட்டார்கள். சட்டமும் விதியும் அப்படியே இருப்பதில்லை, ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கிற நேரத்தில் என்ன நடைமுறை என்று கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால் சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் தென்காசிக்குப் போகணும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமா என்றால், யோசித்துச் செய்யுங்கள். ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒன்று என்று இருந்தால் பேங்க்காரர் உங்களை நாலு தடவை நடக்க வைப்பார். நான் எதையும் மாற்றவில்லை. என் பாலினம் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்தால் அடங்காது, அதை அரசாங்கத்துக்குப் புரியவைக்கிற பொறுமை எனக்கில்லை. பெயரை மட்டும் மாற்றுகிறவர்கள் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, அந்த ஒரே பிரதியை எல்லா இடத்திலும் காட்டலாம்.

பஸ், பாத்ரூம், போலீஸ்?

சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஃப்ளூயிட் ஆள் வேட்டி சட்டையில் ஏறினால் என்ன? நான் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துவிடுகிறேன், கண்டக்டரிடம் காலை எட்டரை மணிக் கூட்டத்தில் பாலினப் பாடம் நடத்த முடியாது. ஒரு தடவை சேலையில் ஏறியபோது அதே கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் இலவசச் சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டார், அடுத்த வாரம் வேட்டியில் ஏறினதும் காசுக்குக் கையை நீட்டினார். அவருக்கு இருக்கிற தெளிவு என் சொந்தக்காரர்களுக்கு வரவில்லை.

பாத்ரூம் கஷ்டம்தான். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையைத் தவிர்த்து, தனித்தனியாகக் கதவுள்ள ஹோட்டலாகப் பார்த்து வைத்திருக்கிறேன். தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறவர்கள் நிறைய, சிறுநீரகம் கெட்டுப்போகும், அதைச் செய்யாதீர்கள்.

போலீஸ் தொந்தரவு செய்தால்: திருநர், ஓரினச் சேர்க்கையாளர் உள்ளிட்டவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளிலேயே 2022-ல் சேர்த்திருக்கிறார்கள். நடுரோட்டில் இதைச் சொல்லி வாதாட வேண்டாம், பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும்.

என் பிள்ளை வந்து இப்படிச் சொல்கிறது. நான் என்ன செய்ய?

முதலில் அடிக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். ராத்திரி அந்தப் பிள்ளை பேசுவதற்கு இருக்கிற ஒரே ஆள் அந்தப் போனில்தான் இருக்கலாம்.

நீங்கள் வளர்த்த விதத்தால் வந்ததில்லை. அம்மா செல்லம் கொடுத்ததாலும் அப்பா வெளிநாட்டில் இருந்ததாலும் வருவதில்லை. 'பத்து வயசு வரைக்கும் நல்லாத்தான இருந்துது' என்பார்கள், பத்து வயது வரைக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கே எதையும் முடிவு செய்ய வேண்டாம். பள்ளிக்கூடத்தில் யாராவது கிண்டல் செய்கிறார்களா, சாப்பிடுகிறதா, தூங்குகிறதா என்று பாருங்கள். எந்த உடை, என்ன முடி, எந்தப் பெயர் என்பதில் வீட்டுக்குள் இறங்கிக் கொடுங்கள், இதெல்லாம் நாளைக்கே மாற்றிக்கொள்ளக் கூடியவை. சொந்தக்காரர்கள் கேட்டால் 'நாங்க பாத்துக்கிடுதோம்' என்று ஒரே பதில் போதும்.

உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல்.

ரொம்ப முடியவில்லை. யாரிடம் பேசுவது?

டெலி மானஸ், 14416. அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்து வீட்டில் அடியோ பூட்டி வைப்பதோ நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. நேரில் போகணும் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும், சீட்டில் ஆதாரில் இருக்கிற பெயரைத்தான் எழுதுவார்கள், டாக்டர் அறைக்குள் போனதும் உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். போனில் எடுக்கிறவர் முதல் தடவை புரிந்துகொள்ளவில்லை என்றால் வைத்துவிட்டு மறுபடி அடியுங்கள், வேறு ஆள் எடுப்பார்.